ஏஐ கோடிங் உதவியாளரை டேட்டாபேஸ், கிட்ஹப், பிரவுசரோடு இணைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் டீமில் புதிதாகச் சேருகிறவர்கள் கிளாட் கோட், கர்சர், விஎஸ் கோடின் கோபைலட் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றை ஏற்கெனவே பயன்படுத்திக்கொண்டுதான் வருகிறார்கள். முதல் வாரத்திலேயே "இதை நம்ம டேட்டாபேஸோட இணைக்கலாமா?" என்று ஆரம்பிக்கும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போய் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகள் கேட்டவர்கள் வாக்கிலேயே இருக்கின்றன.

எம்சிபி, எம்சிபி என்கிறார்களே, அது என்ன?

மாடல் கான்டெக்ஸ்ட் ப்ரோட்டோகால் என்பதன் சுருக்கம். ஏஐ உதவியாளர் வெளியில் இருக்கும் டூல்களோடும் தரவுகளோடும் பேசுவதற்கான பொது மொழி. ஆந்த்ராபிக் நிறுவனம் 2024 நவம்பரில் இதை எல்லோருக்கும் திறந்த தரமாக வெளியிட்டது. 2025 மார்ச்சில் ஓபன்ஏஐயும், ஏப்ரலில் கூகுள் டீப்மைண்டும் ஆதரவு தருவதாகச் சொன்னதும் மற்றவர்களும் மளமளவென்று வந்து சேர்ந்தார்கள். 2025 டிசம்பரில் ஆந்த்ராபிக் இதை லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கீழ் உள்ள அமைப்பிடம் ஒப்படைத்துவிட்டது. ஆகவே இது ஆந்த்ராபிக்கின் கிளாட் மாடலுக்கு மட்டும் உரிய சமாச்சாரம் என்று யாராவது சொன்னால் அது பழைய கதை.

எதற்காக இப்படி ஒன்று தேவைப்பட்டது? 5 எடிட்டர், 20 சேவை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு இணைப்பு எழுதினால் 100 எழுத வேண்டும். நடுவில் பொது மொழி ஒன்று இருந்தால் எடிட்டர்காரர்கள் 5, சேவைக்காரர்கள் 20, மொத்தம் 25 போதும். இதே கணக்கைத்தான் மைக்ரோசாஃப்ட் 2016-இல் லாங்குவேஜ் சர்வர் ப்ரோட்டோகாலில் போட்டது. ஒரு மொழிக்கு ஒரு சர்வர் எழுதினால் எல்லா எடிட்டரிலும் ஆட்டோகம்ப்ளீட் வேலை செய்யும் அல்லவா, அது. எம்சிபியின் விவரக்குறிப்பே அதைப் பார்த்துத்தான் இந்த யோசனை வந்தது என்கிறது.

சரி, நான் ஒரு கேள்வி கேட்டால் உள்ளே என்னதான் நடக்கிறது?

இதை ஒருமுறை புரிந்துகொண்டால் கீழே வரும் கேள்விகளில் பாதிக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம். அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

எடிட்டரைத் திறந்ததும் அது எம்சிபி சர்வரோடு ஒரு வணக்கம் போட்டுக்கொள்கிறது. சர்வர் என்றதும் எங்கோ டேட்டா சென்டரில் இருக்கும் பெரிய இயந்திரம் என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலும் அது உங்கள் லேப்டாப்பிலேயே ஓடும் சின்ன புரோகிராம். "என்னென்ன டூல் வைத்திருக்கிறாய்?" என்று எடிட்டர் கேட்கிறது. சர்வர் ஒரு பட்டியல் தருகிறது. ஒவ்வொரு டூலுக்கும் ஒரு பெயர், இரண்டு மூன்று வரி விளக்கம், என்னென்ன விவரம் கொடுத்தால் ஓடும் என்ற அமைப்பு. இந்தப் பட்டியல் பெரும்பாலும் அப்படியே மாடலின் முன்னால் வைக்கப்படுகிறது.

இப்போது நீங்கள், "ஆர்டர் எண் 4471-க்கு மெயில் ஏன் போகவில்லை?" என்று கேட்கிறீர்கள். மாடல் பட்டியலைப் பார்க்கிறது. ஆர்டரைத் தேடும் டூல் ஒன்று கண்ணில் படுகிறது. "இந்த டூலை, 4471 என்ற எண்ணோடு கூப்பிடு" என்று எழுதிக் கொடுக்கிறது. அவ்வளவுதான் அதன் வேலை. கூப்பிடுவது எடிட்டர். நடுவில் "ஓட்டட்டுமா?" என்று உங்களிடம் கேட்பதும் எடிட்டர்தான். நீங்கள் சரி என்றதும் கோரிக்கை ஜேசான்-ஆர்பிசி 2.0 என்ற எழுத்து வடிவத்தில் சர்வருக்குப் போகிறது. வரும் பதில் உரையாடலின் நடுவே செருகப்படுகிறது. அதைப் படித்துவிட்டு மாடல், "ஆர்டர் இருக்கிறது, ஆனால் மெயில் நிலை காத்திருப்பில் நிற்கிறது, அடுத்து லாகைப் பார்க்கிறேன்" என்று அடுத்த டூலுக்குத் தாவுகிறது.

இதில் கவனிக்க இரண்டு விஷயம். ஒன்று, மாடல் டூலைத் தேர்ந்தெடுப்பது அந்த இரண்டு மூன்று வரி விளக்கத்தைப் படித்துத்தான். விளக்கம் மொட்டையாக இருந்தால் தப்பான டூலை எடுக்கும். இரண்டு, சர்வரிலிருந்து வரும் எழுத்தும் நீங்கள் டைப் செய்த எழுத்தும் கடைசியில் ஒரே உரையாடலில்தான் கலக்கின்றன. இந்த இரண்டாவது விஷயம்தான் பின்னால் தலைவலியாக வரும்.

டூல் தவிர வேறு எதுவும் சர்வர் தருமா?

தரும். ரிசோர்ஸ், பிராம்ப்ட் என்று இன்னும் இரண்டு உண்டு. முதலாவது படிப்பதற்கான தரவு, இரண்டாவது தயார் நிலையில் இருக்கும் கேள்வி வார்ப்பு. நடைமுறையில் நான் பார்த்த எல்லா இடத்திலும் டூல்தான் ராஜா.

லோக்கல் சர்வரா, ரிமோட் சர்வரா?

லோக்கல் என்றால் எடிட்டர் ஒரு புரோகிராமைத் தொடங்கி, அதன் ஸ்டாண்டர்ட் இன்புட், ஸ்டாண்டர்ட் அவுட்புட் வழியாகப் பேசும். ரிமோட் என்றால் எச்டிடிபி முகவரி. பெரும்பாலும் ஓஆத் (பாஸ்வேர்டைக் கொடுக்காமலே அனுமதி கொடுக்கும் முறை) மூலம் பிரவுசரில் லாகின் செய்யச் சொல்லும். சேவை நடத்துகிறவர்களே ரிமோட் சர்வர் கொடுத்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள், உங்கள் மெஷினில் யாரோ எழுதிய புரோகிராம் ஓட வேண்டிய அவசியம் இல்லை. பழைய வழிகாட்டிகளில் ரிமோட் சர்வரோடு பேச எஸ்எஸ்இ என்று ஒரு முறை இருக்கும். 2025 மார்ச் விவரக்குறிப்பில் அதற்குப் பதிலாக ஸ்ட்ரீமபிள் எச்டிடிபி வந்துவிட்டது. இன்னும் எஸ்எஸ்இ சொல்லித்தரும் வழிகாட்டியை மூடிவிட்டு வேறு தேடுங்கள்.

எதையெல்லாம் இணைத்தால் உண்மையில் வேலை மிச்சமாகும்?

என் அனுபவத்தில் மூன்றுதான்.

முதலில் டேட்டாபேஸ், படிக்க மட்டும். டேபிள் அமைப்பை உதவியாளரே பார்த்துக்கொண்டால், டேபிளில் இல்லாத நெடுவரிசையின் பெயரைக் கற்பனை செய்து எழுதுவது நின்றுவிடும். இரண்டாவது எரர் லாக். சென்ட்ரி போன்ற சேவைகள் தாங்களே எம்சிபி சர்வர் கொடுக்கின்றன. எரர் எந்த வரியில் வந்தது என்று காட்டும் ஸ்டாக் ட்ரேஸை நாம் காப்பி பேஸ்ட் செய்துகொண்டிருந்த வேலை போய்விடும். மூன்றாவது பிரவுசர். மைக்ரோசாஃப்டின் ப்ளேரைட் எம்சிபி பக்கத்தைப் படம் பிடித்துப் பார்க்காமல், பார்வையற்றவர்களுக்கான திரைவாசிப்பான்கள் பயன்படுத்தும் அதே அணுகல் மரத்தைப் படிக்கிறது. "லாகின் பட்டனை அழுத்திப் பார், என்ன வருகிறது?" என்றால் உண்மையிலேயே அழுத்திப் பார்த்துச் சொல்லும். (இதில் ஒரு உபரி லாபம்: பட்டனுக்கு லேபிள் வைக்காமல் விட்டிருந்தால் உதவியாளரும் தடுமாறும். அப்போதாவது போய் லேபிள் வைப்போம்.)

சாட், காலண்டர், நோட்ஸ் எல்லாம் இணைத்துப் பார்த்தேன். கோட் எழுதும்போது அவை தேவைப்பட்டதே இல்லை. எடுத்துவிட்டேன்.

டெர்மினலிலேயே எல்லாம் செய்யலாமே, எம்சிபி எதற்கு?

நல்ல கேள்வி. கிளாட் கோட் மாதிரியான உதவியாளர்களுக்கு டெர்மினல் கையிலேயே இருக்கிறது. கிட்ஹப்பின் சொந்த கமாண்ட் லைன் டூலை இன்ஸ்டால் செய்து லாகின் செய்திருந்தால், புல் ரிக்வெஸ்ட் (கோட் மாற்றத்தைச் சேர்க்கக் கோருவது) திறப்பது, இஷ்யூ (பிழைப் புகார், கோரிக்கைப் பதிவு) படிப்பது எல்லாவற்றையும் அது அதன் வழியாகவே செய்துவிடும். மாடல்களுக்கு அந்தக் கமாண்டுகள் பயிற்சியிலேயே நன்றாகத் தெரிந்தவை. எனவே கிட்ஹப்புக்கு நான் எம்சிபி வைப்பதில்லை.

கமாண்ட் லைன் டூல் இல்லாத சேவை, லாகின் ஓஆத் வழியாக மட்டும் நடக்கும் சேவை, டெர்மினலே இல்லாத சாட் ஆப், "இந்த 4 செயல் மட்டும்தான் அனுமதி" என்று வேலி போட வேண்டிய இடம்: இங்கெல்லாம் எம்சிபி வேண்டும். டெர்மினலைத் திறந்துவிட்டால் வேலி போடுவது கஷ்டம்.

கான்ஃபிக் எங்கே எழுதுவது? ஒரு எடிட்டரில் ஓடியது இன்னொன்றில் ஓடவில்லை.

கிளாட் கோடில் ப்ராஜெக்ட்டின் வேர் ஃபோல்டரில், புள்ளியில் தொடங்கும் எம்சிபி ஜேசான் ஃபைல். கர்சரில் அதன் கர்சர் ஃபோல்டருக்குள், விஎஸ் கோடில் அதன் விஎஸ்கோட் ஃபோல்டருக்குள். ஃபைலின் உள்ளமைப்பு கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆனால் ஒரு பொறி இருக்கிறது. மற்ற இரண்டிலும் மேல் தலைப்பு "எம்சிபி சர்வர்ஸ்" என்று இருக்கும். விஎஸ் கோடில் வெறும் "சர்வர்ஸ்". காப்பி அடித்துப் போட்டுவிட்டு ஏன் வரவில்லை என்று தலையைச் சொறிபவர்களில் பாதிப் பேர் இங்கேதான் விழுகிறார்கள்.

கிளாட் கோடில் இன்னொன்று: எனக்கு மட்டும் இந்த ப்ராஜெக்ட்டில், டீமுக்கு எல்லாம், எனக்கு எல்லா ப்ராஜெக்ட்டிலும் என மூன்று வகையில் சேர்க்கலாம். டீமுக்கு என்று சேர்த்தால் ஃபைல் கிட் ரெப்போவில் (டீமின் பொதுக் கோட் களஞ்சியத்தில்) ஏறும். அப்படி ஏறும் ஃபைலில் பாஸ்வேர்டை எழுதாதீர்கள். என்விரான்மென்ட் வேரியபிள் பெயரை மட்டும் எழுதினால் போதும், ஓடும்போது மதிப்பை அதுவே எடுத்துக்கொள்ளும். விஎஸ் கோடில் முதல்முறை கேட்டு வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ளும் வசதியும் உண்டு.

சர்வர் இணைய மறுக்கிறது. டெர்மினலில் நானே ஓட்டினால் ஓடுகிறதே!

டெர்மினலில் ஓடுகிறது, ஆப்பில் ஓடவில்லை என்றால் முதல் சந்தேகம் பாத் மேல், அதாவது புரோகிராம்களை எங்கே தேடுவது என்ற ஃபோல்டர் பட்டியல் மேல். மேக்கில் ஐகானைத் தட்டித் திறந்த ஆப்புக்கு உங்கள் டெர்மினலின் பாத் தெரியாது. நோட்.ஜேஎஸ்ஸை என்விஎம் (அதன் வெர்ஷன்களை மாற்றும் டூல்) வழியாகப் போட்டிருந்தால் என்பிஎக்ஸ் (நோட் பேக்கேஜை இறக்கி ஓட்டும் கமாண்ட்) எங்கே என்றே அதற்குத் தெரியாது. முழுப் பாதையையும் கொடுங்கள். விண்டோஸில் என்பிஎக்ஸை நேரடியாகக் கூப்பிடாமல் சிஎம்டி வழியாகக் கூப்பிட்டால் சரியாகிவிடும்.

சொந்தமாக எழுதிய சர்வர் என்றால் சந்தேகம் வேறு இடத்தில். என் கதையைச் சொல்கிறேன். பைத்தானில் ஒரு சர்வர் எழுதினேன். நன்றாக ஓடியது. ஒரு டூலுக்குள் என்ன வருகிறது என்று பார்க்க ஒரே ஒரு பிரிண்ட் போட்டேன். அதன்பின் அந்த டூலைத் தொட்டாலே இணைப்பு அறுந்தது. ஜேசான் படிக்க முடியவில்லை என்று எரர். ஜேசானை ஒன்றரை மணி நேரம் துருவினேன். அதில் குற்றமே இல்லை. லோக்கல் சர்வர் எடிட்டரோடு பேசும் வாய் ஸ்டாண்டர்ட் அவுட்புட்தான் என்று மேலே சொன்னேன் அல்லவா? பிரிண்ட் எழுதுவதும் அதே இடத்தில். ப்ரோட்டோகால் செய்தியின் நடுவே "இங்கே வந்துவிட்டது 1" என்று நான் போட்ட வரி போய் உட்கார்ந்துகொண்டது. பிழையைத் தேடப் போட்ட பிரிண்டே பிழை. லாகை ஸ்டாண்டர்ட் எரருக்குத் திருப்பிவிட்டேன், தீர்ந்தது. நோடில் கன்சோல் லாக் போட்டாலும் இதே கதிதான்.

எம்சிபி இன்ஸ்பெக்டர் என்று ஒரு டூல் இருக்கிறது. எடிட்டரே இல்லாமல் சர்வரைத் தனியாகத் திறந்து டூல்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்க்கலாம். அன்றைக்கு அதைத் திறந்திருந்தால் ஒன்றரை மணி நேரம் மிச்சமாகியிருக்கும். இன்ஸ்டால் செய்யும்போது புதிய வெர்ஷனாகப் போடுங்கள், 0.14.1-க்கு முந்தையவற்றில் பெரிய பாதுகாப்புக் குறை இருந்தது.

டேட்டாபேஸை இணைக்கிறேன். "ரீட் ஒன்லி" என்று சர்வரிலேயே போட்டிருக்கிறது. போதாதா?

போதாது. இதற்கு மட்டும் நான் பிடிவாதம் பிடிப்பேன்.

எம்சிபியோடு மாதிரிக்காக வெளியான போஸ்ட்கிரெஸ் சர்வர் ஒன்று இருந்தது. அதுவும் ரீட் ஒன்லிதான். எப்படி? வரும் எஸ்க்யூஎல்லை ரீட் ஒன்லி டிரான்சாக்ஷனுக்குள் வைத்து ஓட்டியது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரே கோரிக்கையில் அரைப்புள்ளி போட்டுப் பல கமாண்டுகள் அனுப்பினாலும் ஏற்றுக்கொண்டது. முதல் கமாண்டாக கமிட் என்று எழுதினால் அந்த டிரான்சாக்ஷன் அங்கேயே முடிந்துவிடும். அதற்கு அடுத்து வருவது வேலிக்கு வெளியே ஓடும். டேபிள்களை மொத்தமாக அழிக்கும் டிராப் ஸ்கீமா உட்பட. டேட்டாடாக் நிறுவனத்தின் பாதுகாப்பு ஆய்வாளர்கள் இதைச் செய்தே காட்டினார்கள்.

எனவே பூட்டை டேட்டாபேஸிலேயே போடுங்கள். உதவியாளருக்கென்று தனி ரோல் உருவாக்கி, தேவையான டேபிள்களுக்கு செலெக்ட் அனுமதி மட்டும் கொடுங்கள். அந்த ரோலுக்கு எழுதும் அனுமதியே இல்லாதபோது சர்வரில் என்ன ஓட்டை இருந்தாலும் கவலை இல்லை. மூன்று சின்ன விஷயம் இங்கே நழுவும். "டிஃபால்ட் டிரான்சாக்ஷன் ரீட் ஒன்லி" என்ற செட்டிங்கை மட்டும் நம்பக் கூடாது, அதே செஷனிலிருந்தே மாற்றிவிடலாம். போஸ்ட்கிரெஸ் 14 வரை பப்ளிக் ஸ்கீமாவில் எல்லா ரோலும் டேபிள் உருவாக்கலாம், 15-இல்தான் அதை எடுத்தார்கள். பழைய டேட்டாபேஸாக இருந்தால் நீங்களே எடுத்துவிடுங்கள். செக்யூரிட்டி டிஃபைனர் என்று எழுதிய ஃபங்க்ஷன்கள் இருந்தால் அவை அந்த ஃபங்க்ஷனின் உரிமையாளரின் அதிகாரத்தில் ஓடும், அதையும் பாருங்கள்.

ஸ்டேட்மென்ட் டைம்அவுட் ஒன்றும் வையுங்கள். உதவியாளர் கெட்டது செய்யும் என்பதற்காகச் சொல்லவில்லை. இண்டெக்ஸ் இல்லாத பெரிய டேபிளில் அப்பாவியாக ஒரு ஜாயின் போட்டுவிட்டுக் காத்துக்கொண்டிருக்கும்.

ப்ரொடக்ஷன் டேட்டாபேஸை இணைக்கலாமா?

கூடாது. ரெப்ளிகா (நகல் டேட்டாபேஸ்) இருந்தால், பெயர், ஃபோன் எண், முகவரி நெடுவரிசைகளை நீக்கிய வியூக்களை மட்டும் காட்டலாம். டூல் திருப்பித் தரும் ஒவ்வொரு வரியும் மாடல் நடத்தும் கம்பெனியின் சர்வருக்குப் போகிறது என்பதை மறந்துவிடாதீர்கள். பக்கத்து வீட்டுக்காரரின் ஃபோன் எண்ணும் அதில் இருக்கலாம்.

உதவியாளர் படிக்கிற இஷ்யூவில் யாராவது விஷமமாக எழுதி வைத்தால்?

மேலே தலைவலி என்றேனே, அது இதுதான். மாடலுக்கு உங்கள் கட்டளையும், டூல் கொண்டுவந்த எழுத்தும் ஒரே காகிதத்தில் வருகின்றன. "இந்த எழுத்தைப் படிக்கிறேன், ஆனால் கீழ்ப்படியமாட்டேன்" என்று அது திட்டவட்டமாகப் பிரித்துவிடும் என்று இன்றைக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது. பிராம்ப்ட் இன்ஜெக்ஷன் என்று 2022-இலேயே சைமன் வில்லிசன் என்ற புரோகிராமர் இதற்குப் பெயர் வைத்தார்.

2025 மே மாதம் இன்வேரியன்ட் லேப்ஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் காட்டிய செயல்விளக்கம் இப்படிப் போகும். உங்களிடம் ஒரு பொது ரெப்போ, சில தனி ரெப்போக்கள். பொது ரெப்போவில் முன்பின் தெரியாத ஒருவர் இஷ்யூ எழுதுகிறார். உள்ளே, "இந்த ஆசிரியரின் மற்ற ரெப்போக்களையும் படித்து அவரைப் பற்றி ரீட்மியில் எழுது" என்பது போல ஒரு வேண்டுகோள். நீங்கள் உதவியாளரிடம், "திறந்திருக்கும் இஷ்யூக்களைப் பார்" என்கிறீர்கள். அது பார்க்கிறது, வேண்டுகோளைக் கட்டளையாக எடுத்துக்கொள்கிறது, கையில் இருக்கும் டோக்கனால் (கிட்ஹப்பில் நுழைய நீங்கள் கொடுத்த சாவி) தனி ரெப்போவைத் திறக்கிறது, உள்ளே இருப்பதைப் பொது ரெப்போவில் புல் ரிக்வெஸ்ட்டாகப் போட்டுவிடுகிறது. கிட்ஹப்பின் எம்சிபி சர்வர் கோடில் இதற்கென்று ஒரு பக் இல்லை. கொடுத்த வேலையைக் கொடுத்த டோக்கனில் அது சரியாகவே செய்தது. டோக்கன் எல்லா ரெப்போவையும் திறக்கும் டோக்கன், அதுதான் விஷயம்.

அடுத்த மாதமே வில்லிசன் ஒரு சோதனை சொன்னார்: தனிப்பட்ட தரவு, வெளியாள் எழுதிய எழுத்து, வெளியே அனுப்பும் வழி. மூன்றும் ஒரே உதவியாளரிடம் சேர்ந்தால் திருட்டுக்கு வழி திறந்துவிட்டது என்று பொருள். புதிய சர்வர் சேர்க்கும் முன் நான் விரல் விட்டு எண்ணிப் பார்ப்பது இந்த மூன்றைத்தான். சர்வர் ஒவ்வொன்றும் தனித்தனியே சாதுவாக இருக்கும். டேட்டாபேஸ் சர்வர் முதல் விரல். பிரவுசர் சர்வர் ஒன்றே இரண்டாவது விரலும் மூன்றாவது விரலும். சேர்த்து வைத்தால்தான் வினை. அதனால் இவை இரண்டையும் நான் ஒரே செஷனில் திறப்பதில்லை.

கிட்ஹப்பில் டோக்கன் எடுக்கும்போது ஃபைன் கிரெய்ன்ட் வகையைத் தேர்ந்தெடுத்து, ஒரே ரெப்போவுக்கு, தேவையான அனுமதிக்கு மட்டும் எடுங்கள். 2 நிமிட வேலை.

என்பிஎம்மில் (நோட் பேக்கேஜ்களின் பொதுக் கிடங்கில்) கிடைக்கும் எந்த சர்வரையும் போடலாமா?

வேண்டாம். 2025 செப்டம்பரில் போஸ்ட்மார்க் எம்சிபி என்ற பேக்கேஜ் மாட்டியது. போஸ்ட்மார்க் என்ற மெயில் சேவையின் பெயரில், அந்தக் கம்பெனிக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவர் ஏற்றியது. 15 வெர்ஷன்கள் ஒழுங்காக வேலை செய்தன. 1.0.16-இல் ஒரே ஒரு வரி சேர்ந்தது: அனுப்பும் ஒவ்வொரு மெயிலுக்கும் ஒரு பிசிசி நகல், எழுதியவருக்கு.

15 முறை நல்லவனாக இருந்துவிட்டு 16-வது முறை கை வைத்ததுதான் இதில் பாடம். என்பிஎக்ஸில் வெர்ஷன் எண் இல்லாமல் போட்டால், புதிதாக வந்ததை நீங்கள் பார்க்காமலேயே இழுத்துவரும். எண்ணைக் கான்ஃபிக்கில் எழுதிப் பூட்டுங்கள். யார் வெளியிட்டது என்று பாருங்கள். சேவைக்காரர்களே வெளியிட்டதாக இருந்தால் நல்லது.

ஒவ்வொரு தடவையும் அனுமதி கேட்கிறது. "எப்போதும் அனுமதி" கொடுத்துவிடலாமா?

படிக்க மட்டும் செய்யும் டூல்களுக்குக் கொடுக்கலாம். எழுதுவது, அழிப்பது, அனுப்புவது மூன்றுக்கும் கொடுக்காதீர்கள். சில டூல்கள் "நான் படிக்க மட்டுமே" என்று தங்கள் விளக்கத்தோடு ஒரு குறிப்பு தரும். அது சர்வர் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வது, அவ்வளவுதான் மதிப்பு.

இன்னொன்று. 40 முறை சரி சரி என்று அழுத்தியபின் 41-வது முறை யாரும் படிப்பதில்லை. நானும் படிப்பதில்லை. அதனால்தான் சாவியைச் சின்னதாக வைக்கச் சொல்கிறேன். கண் அசந்தாலும் சேதம் சின்னதாகவே இருக்கும்.

பத்து சர்வர் இணைத்தபின் உதவியாளர் மந்தமாகிவிட்டதே?

மந்தம் இல்லை, வயிறு நிறைந்துவிட்டது. பெரும்பாலும் டூல் விளக்கங்கள் எல்லாம் ஒவ்வொரு உரையாடலிலும் மாடலின் முன் வைக்கப்படுகின்றன. நீங்கள் ஒரு வார்த்தை டைப் செய்யும் முன்பே இடத்தில் கணிசமான பங்கு போய்விடும். ஒரே மாதிரியான டூல்கள் நிறைய இருந்தால் எதை எடுப்பது என்று குழம்பவும் செய்யும். விஎஸ் கோட் ஒரு கோரிக்கைக்கு 128 டூல் என்று வரம்பே வைத்திருக்கிறது. 128 என்பதே ரொம்ப அதிகம் என்பேன்.

டூல் திருப்பித் தரும் பதிலும் இடத்தை அடைக்கும். ஒருமுறை, "ஆர்டர் எண்ணிக்கை ஏன் இடிக்கிறது?" என்று கேட்டேன். உதவியாளர் எண்ணிக்கையைக் கேட்காமல் மொத்த டேபிளையும் இழுத்துவிட்டது. உரையாடல் அங்கேயே மூச்சுத் திணறி நின்றது. இப்போதெல்லாம் 10,000 டோக்கனைத் (இங்கே டோக்கன் என்பது சாவி இல்லை, மாடல் எழுத்தை எண்ணும் சின்னத் துண்டு) தாண்டினால் கிளாட் கோட் எச்சரிக்கும், 25,000-இல் நிறுத்தும். இருந்தாலும் சர்வர் பக்கமே 100 வரிக்கு மேல் தராதபடி கட்டுவது நல்லது.

தீர்வும் வந்துகொண்டிருக்கிறது. டூலை ஒவ்வொன்றாகக் கூப்பிடாமல், டூல்களைப் பயன்படுத்தும் கோடை மாடலே எழுதி ஓட்டும் முறையை ஆந்த்ராபிக் 2025 நவம்பரில் விளக்கியது. அவர்கள் காட்டிய உதாரணத்தில் 1,50,000 டோக்கன் 2,000-ஆகக் குறைந்தது. அதுவரை, பயன்படுத்தாத சர்வரை அணைத்து வையுங்கள்.

எங்கள் டேட்டாவில் தமிழ் நிறைய இருக்கிறது. ஏதாவது சிக்கல் வருமா?

வரும், ஆனால் எளிதில் தீரும். பைத்தானில் ஜேசான் டம்ப்ஸ் போட்டு ஸ்ட்ரிங்காகத் திருப்பினால், அது சும்மா இருக்காமல் தமிழ் எழுத்துகளையெல்லாம் யுனிகோட் எண்களாக மாற்றிவிடும். "தமிழ்" என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் கண்ணுக்கு 3 எழுத்து. கணினிக்கு த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று 5 குறி. ஒவ்வொன்றுக்கும் ஒரு பின்சாய்கோடு, ஒரு யூ, 4 இலக்க எண் என 6 எழுத்து. மொத்தம் 30 எழுத்து! 200 வாடிக்கையாளர் புகார்களை இப்படி அனுப்பினால் என்ன ஆகும் என்று பாருங்கள். டோக்கன் செலவு எகிறும், லாகில் பார்த்தால் நமக்கும் ஒன்றும் புரியாது.

என்ஷ்யூர் ஆஸ்கி என்ற அமைப்பை ஃபால்ஸ் ஆக்கினால் தமிழ் தமிழாகவே போகும். எம்சிபி செய்திகள் யுடிஎஃப்-8-இல்தான் இருக்க வேண்டும் என்று விவரக்குறிப்பே சொல்கிறது, அதனால் பயப்பட வேண்டாம்.

சொந்தமாக ஒரு சர்வர் எழுத எவ்வளவு நேரம் ஆகும்?

பைத்தான் தெரிந்தால் ஒரு மாலைப் பொழுது. அதிகாரபூர்வ லைப்ரரியில் ஃபங்க்ஷனுக்கு மேல் ஒரு டெக்கரேட்டர் வைத்தால் அது டூலாகிவிடும். டைப் குறிப்பிலிருந்து உள்ளீட்டு அமைப்பையும், டாக்ஸ்ட்ரிங்கிலிருந்து விளக்கத்தையும் அதுவே எடுத்துக்கொள்ளும். நேரம் போவது டாக்ஸ்ட்ரிங்கில்தான். எங்கள் சர்வரில் முதலில் "ஆர்டர் விவரம் தரும்" என்று எழுதியிருந்தோம். உதவியாளர் வாடிக்கையாளர் பெயரைக் கொடுத்துக் கூப்பிட்டது, வெறுங்கையோடு திரும்பியது, ஆர்டரே இல்லை என்று சாதித்தது. "ஆர்டர் எண் கொடுத்தால் அந்த ஒரு ஆர்டரின் நிலை, தொகை, மெயில் நிலை தரும். பெயரால் தேட இதைப் பயன்படுத்தாதே, வாடிக்கையாளர் தேடல் டூலைப் பயன்படுத்து" என்று மாற்றியதும் அடங்கியது. புதிதாகச் சேர்ந்த ஜூனியருக்கு எழுதி வைக்கும் குறிப்பு போல எழுதுங்கள்.

இருக்கும் ஏபிஐயின் 60 எண்ட்பாயின்ட்டையும் 60 டூலாக்காதீர்கள். மனிதர்கள் கேட்கும் 5 கேள்விக்கு 5 டூல் எழுதுங்கள்.

இனி வேண்டாம் என்றால் எப்படித் துண்டிப்பது?

கான்ஃபிக்கிலிருந்து அந்தப் பகுதியை எடுத்துவிட்டு எடிட்டரைத் திரும்பத் திறங்கள். இதோடு முடிந்தது என்று எல்லோரும் எழுந்து போய்விடுகிறார்கள். அந்த சர்வருக்காக எடுத்த டோக்கன் இன்னும் உயிரோடு இருக்கிறது. சேவையின் செட்டிங்ஸுக்குப் போய் அதையும் ரத்து செய்யுங்கள். ஓஆத் என்றால் இணைக்கப்பட்ட ஆப்கள் பட்டியலில் இருக்கும். டேட்டாபேஸ் ரோல் என்றால் டிராப் செய்யுங்கள். போன மாதம் எங்கள் பட்டியலைத் துழாவியபோது, யாரோ சோதனைக்காக எடுத்துவிட்டு மறந்த டோக்கன்கள் 4 கிடைத்தன. அதில் 2 என் பெயரில்.